கடைசி நொடி மீட்பு

பாச்சாங்கில் ஹேண்ட்போன் கடை வைத்திருக்கும் ரிஸாலுக்கு ஒரு குணம் உண்டு. எதையும் கடைசி நேரம் வரை இழுத்துப் பிடித்துத்தான் செய்வான். செய்து முடித்ததும் அதற்குத் திறமை என்று பெயர் வைப்பான். காரின் ரோட் டெக்ஸ் வரியை அது முடிகிற நாளில்தான் புதுப்பிப்பான். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குச் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஓடிப்போய்க் கடைசி வரிசையில் நிற்பான். இதெல்லாம் ஊர் உலகத்தில் இல்லாத குற்றமில்லை. ஆனால் இந்தக் குணத்துக்கு ஒரு விளையாட்டு பரிசு கொடுக்கத் தொடங்கியதும் அவனைக் கையில் பிடிக்க முடியாமல் போனது.

அது நான்கு பேர் சேர்ந்து ஆடும் சூப்பர் ஹீரோ விளையாட்டு. ஆங்கிலத்தில் அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. இவர்கள் 'சிட்டி' என்றே சொல்வார்கள். இவர்கள் என்றால் மூன்று பேர். தங்கா பத்துவில் தன் வீட்டு அறையிலிருந்து ஆடும் ரிஸால். பாச்சாங்கிலேயே குடியிருக்கும் ஹரிதாஸ். நாற்பத்திரண்டு வயது, கப்பல் சரக்கு ஆபீஸில் குமாஸ்தா. செலண்டாரிலிருந்து ஆடும் உஷாராணி. செம்பனை எண்ணெய் ஆலை ஆபீஸில் வேலை, மூவரில் இளையவள். நான்காவது ஆளைக் கம்ப்யூட்டரே ஆட்டிவைக்கும். அது சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும், யாரும் கண்டுகொள்வதில்லை.

ரிஸாலின் வீரன் பறப்பான், மின்னல் எறிவான். உஷாராணியின் வீராங்கனை எதிரிகளைப் பனியாய் உறையவைப்பாள். ஹரிதாஸ்தான் தூண். ஆள் உயரக் கேடயத்தோடு நடுவில் நிற்கும் கருங்கல் மனிதன். எதிரிகள் எல்லாரையும் தன் மேல் இழுத்துக்கொள்வது அவன் வேலை. அடி விழுகிற அந்தக் கணத்தில் பொத்தானை அழுத்தினால் அடி திரும்பிப் போகும். இம்மி பிந்தினாலும் அவன் மேலேயே விழும். அதற்குக் காது கூர்மையாக இருக்க வேண்டும், ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு மெல்லிய விசில் சத்தம் வரும். அதனால் பெரிய சண்டைகளில் ஹரிதாஸ் வாய் திறக்கமாட்டார், மற்ற இருவரும் அவரோடு பேசமாட்டார்கள். தூணோடு பேசக்கூடாது என்பது அவர்கள் போட்டுக்கொண்ட சட்டம்.

இன்னொரு சட்டம் ரிஸால் கண்டுபிடித்தது. வீரன் ஒருவன் அடிபட்டு விழுந்தால் அவனைச் சுற்றி ஒரு பச்சை வளையம் தோன்றும். இருபது நொடிகளில் அது மஞ்சளாகி, சிவப்பாகி, மறைந்துவிடும். அதற்குள் இன்னொருவன் போய்த் தூக்கிவிட வேண்டும். மற்றவர்கள் என்றால் ஒருவன் விழுந்ததும் ஓடிப்போய்த் தூக்குவார்கள். ரிஸால் தூக்கமாட்டான். கடைசி இரண்டு நொடியில் தூக்கினால் எழுகிறவன் உடம்பிலிருந்து ஒரு வெடிப்பு கிளம்பிச் சுற்றியிருக்கும் எதிரிகளின் கவசத்தைப் பிளந்துவிடும் என்று அவன் கண்டுபிடித்திருந்தான். அப்படித் தூக்குவதற்கு விளையாட்டே ஒரு பட்டமும் கொடுத்தது. அன்றிலிருந்து அவர்கள் குழுவில் யார் விழுந்தாலும் ரிஸால் பக்கத்தில் போய் நிற்பான். பதினெட்டு வரை எண்ணுவான். அப்புறம்தான் கையை நீட்டுவான்.

இந்தக் கதையில் விளையாட்டைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. அது சொன்னதைச் செய்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர்கள் மனிதர்கள்.

இந்தக் கதை நடந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று மாதம் முன்னால் ஹரிதாஸ் ரத்த அழுத்தம் ஏறி ஒரு நாள் ஆபீஸிலேயே மயங்கிவிட்டார். கிளினிக்கில் மாத்திரை கொடுத்து, படபடப்பான காரியம் எதுவும் வேண்டாம், நேரத்துக்குத் தூங்குங்கள் என்றார்கள். அவர் மனைவி மங்களம் அடுத்த நாளே ரிஸாலின் கடைக்கு வந்தாள். சண்டை போட வரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று, ஹேண்ட்போன் உறை வாங்க வந்தவள் மாதிரி தணிந்த குரலில் பேசினாள்.

"தம்பி, அவரை இனிமே கேமுக்குக் கூப்பிடாதீங்க. அவருக்கு உங்க மேல ரொம்ப மரியாதை. நீங்க கூப்பிட்டா மறுக்க மாட்டாரு."

"கூப்பிட மாட்டேன் அக்கா. சத்தியமா கூப்பிட மாட்டேன்."

ரிஸால் கூப்பிடவில்லை என்பது உண்மை. இரண்டே வாரத்தில் ஹரிதாஸ்தான் கூப்பிட்டார். "மங்களம் வீட்ல இல்லாத நேரம் மட்டும் லா," என்றார். ரிஸால் தன் மனசாட்சிக்கு வக்கீல் வைத்துக்கொண்டான்: நானாகக் கூப்பிடமாட்டேன் என்றுதானே சொன்னேன், அவராக வந்தால் நான் என்ன செய்ய? அதிலிருந்து மூன்றாவது சட்டம் பிறந்தது. ஹரிதாஸ் திடீரென்று பேச்சை நிறுத்தினால் மங்களம் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம். அப்போது யாரும் அவருக்குப் போன் பண்ணக்கூடாது, மெசேஜ் அனுப்பக்கூடாது. அவராகத் திரும்பி வரும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மங்களம் காலை ஒன்பதரைக்குச் செலண்டாரில் சித்தி மகள் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பிப் போனாள். ஹரிதாஸ் தலைவலி என்று சொல்லி வீட்டில் தங்கிவிட்டார். பத்து மணிக்கு மூவரும் சிட்டிக்குள் இருந்தார்கள்.

இரண்டு மாதமாக அவர்களுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த ஒரு ராட்சசன் உண்டு. இரும்பாலைக்குள் இருப்பவன், மலை மாதிரி உடம்பு, உடம்பெல்லாம் தகடு. எந்த அடியும் அந்தத் தகட்டுக்குள் இறங்காது. அவனை எப்படி வீழ்த்துவது என்று ரிஸால் ஒரு வாரமாகத் திட்டம் போட்டிருந்தான். தூண் நடுவில் நிற்க வேண்டும், தேவைப்பட்டால் விழ வேண்டும், கடைசி நொடியில் தூக்கித் தகட்டைப் பிளக்க வேண்டும்.

"நான் விழுறதெல்லாம் பிரச்சின இல்ல," என்று ஹரிதாஸ் சிரித்தார். "தூக்குறதுக்கு மறந்துடாதே ரிஸால்."

"என்னண்ணே, நான் என்னிக்கு லேட்டா வந்தேன்?"

உஷாராணி சிரித்துவிட்டாள். பதினொன்று ஐம்பதுக்கு ராட்சசனின் கதவு திறந்தது. "இடது பக்கம் நான் பாத்துக்கிறேன்," என்றார் ஹரிதாஸ். அன்று அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

முதல் இரண்டு அடியைத் தூண் அழகாகத் திருப்பி அனுப்பினார். மூன்றாவது அடிக்குக் கேடயம் பாதி உயர்ந்து அப்படியே நின்றது. நான்காவது அடியில் கருங்கல் மனிதன் விழுந்தான். பச்சை வளையம் தோன்றியது. உஷாராணி ஓடினாள்.

"விடு, விடு. தொடாதே," என்றான் ரிஸால். "நான் சொல்றப்போ."

வளையம் சிவந்தது. பதினெட்டில் ரிஸால் தூக்கினான். வெடிப்பில் ராட்சசனின் தோள் தகடு பிளந்து விழுந்தது. எழுந்த கருங்கல் மனிதன் கேடயத்தை உயர்த்தாமல் சும்மா நின்றான். ராட்சசன் மறுபடி அடித்தான்; கருங்கல் மனிதன் மறுபடி விழுந்தான். ரிஸாலுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அண்ணன் வேண்டுமென்றே கேடயத்தைத் தாழ்த்தி வைத்திருக்கிறார், திட்டத்தைத் தன்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தான். இரண்டாம் முறை தூக்கினான். மார்புத் தகடு போனது.

மூன்றாவது முறை விழுந்தபோது உஷாராணி கேட்டாள். "ரிஸால்ணே, அவரு ஏன் அசையவே மாட்டேங்குறாரு?"

"தூண் கிட்ட பேசாதே. காது குடுத்துக்கிட்டு இருப்பாரு."

"இல்ல, மூச்சு விடுற சத்தம் மட்டும் கேக்குது. பெருசா கேக்குது."

"மைக் வாய்க்குக் கிட்ட இருக்கும் லா. ராட்சசனைப் பாரு."

மூன்றாவது முறையும் பதினெட்டில் தூக்கினான்; கடைசித் தகடும் பிளந்து, பன்னிரண்டு இருபதுக்கு ராட்சசன் சரிந்தான். ரிஸால் தன் அறையில் எழுந்து நின்று கைதட்டினான். கருங்கல் மனிதன் இடிபாட்டுக்கு நடுவில் அப்படியே நின்றுகொண்டிருந்தான். "அண்ணே," என்று கூப்பிட்டான். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். அக்கா சீக்கிரம் வந்துவிட்டாள் போலிருக்கிறது. ஹெட்போனைக் கழற்றி மெத்தைக்கு அடியில் போட்டிருப்பார், அதில்தான் மூச்சுச் சத்தம் மாதிரி ஏதோ கேட்கிறது. சட்டம் சட்டம்தான். உஷாராணியிடமும் சொன்னான்: "போன் கீன் பண்ணிடாதே. மாட்டிக்குவாரு." இருவரும் விளையாட்டிலிருந்து வெளியே வந்தார்கள். ரிஸால் சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கினான்.

மூன்று மணிக்கு வீடு திரும்பிய மங்களம் கணவனை, தானாக அணைந்துபோயிருந்த டிவி முன்னால், நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் கண்டாள். வலது பக்கம் முழுதும் செத்துக் கிடந்தது. கண் திறந்திருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, மூன்று பத்துக்கு ரிஸாலைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அவரு விழுந்து கெடக்குறாரு. பேச்சு வரல. இன்னிக்கு உங்ககூட பேசினாரா? கேம் விளையாடினாரா?"

தூக்கம் கலையாத வாய். இரண்டரை மாதமாகப் பழகிய பொய். "இல்லையே அக்கா," என்றான். சொல்லி முடித்த பிறகுதான் அவள் முதலில் சொன்னது அவன் காதில் ஏறியது.

தங்கா பத்துவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அவன் கார் ஓட்டிய வேகத்தைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. மூன்று நாற்பத்தைந்துக்கு அவசரப் பிரிவு வாசலில் இருந்தான். மங்களம் நிச்சயதார்த்தத்துக்குக் கட்டிய பட்டுச் சேலையோடு, தலையில் வாடிய பூவோடு நின்றிருந்தாள். அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். அவன் சொன்னது, "பயப்படாதீங்க அக்கா."

மூன்று ஐம்பதுக்கு டாக்டர் தேவிஸ்ரீ வெளியே வந்தார். சின்ன வயது, வேகமான பேச்சு.

"ஸ்கேனுக்குக் கொண்டு போயிருக்கோம். மூளையில அடைப்பு மாதிரி இருக்கு. அடைப்பைக் கரைக்க ஓர் ஊசி உண்டு. ஆனா ஆரம்பிச்ச நேரத்துலருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். அதுக்கு மேல போட்டா மூளையிலேயே ரத்தம் கசியும். கடைசியா அவர் நல்லா இருந்ததை யார் பாத்தீங்க? எத்தனை மணிக்கு?"

"நான்தான் டாக்டர். காலையில ஒன்பதரைக்கு."

டாக்டர் முகம் வாடியது. "அதுக்கப்புறம் யாராவது பேசினீங்களா? போன்ல, எதுலயாவது?"

மங்களம் ரிஸாலைப் பார்க்கவில்லை. அவன்தான் இல்லையென்று சொல்லிவிட்டானே. "யாரும் பேசல," என்றாள்.

ஒன்பதரையிலிருந்து நாலரை மணி நேரம் என்றால் பிற்பகல் இரண்டு; எப்போதோ போய்விட்டது. பதினொன்று ஐம்பதிலிருந்து என்றால் நான்கு இருபது. ரிஸாலின் மண்டை இந்தக் கணக்கை நொடியில் போட்டது. இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. இருக்கிறது என்று தெரிந்ததும் அவன் உடம்பு கொஞ்சம் தளர்ந்தது. அதுதான் அவன் செய்த பாவம். டாக்டரைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடலாம், அக்காவுக்குத் தெரியவேண்டியதில்லை, அவள் பதிவு கவுன்டருக்குப் போகட்டும் என்று நினைத்தான். டாக்டர் உள்ளே போய்விட்டார். மங்களம் அந்தக் கதவை விட்டு நகரவில்லை.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு உஷாராணி கூப்பிட்டாள். டாக்டர் கேட்டதை அவன் ஏற்கெனவே மெசேஜ் போட்டிருந்தான். "சொல்லிட்டீங்களா?"

"சொல்றேன் லா. அக்கா கொஞ்சம் நகரட்டும்."

"ரிஸால்ணே, அக்கா முன்னாலயே சொல்லுங்க. நானும் வேணா பேசுறேன், போனைக் குடுங்க."

"டைம் இருக்கு. நான் பாத்துக்கிறேன்." போனை அணைத்தான்.

நான்கு ஐந்து. மங்களம் கதவருகே பெஞ்சில் உட்கார்ந்தாள். "தண்ணி வாங்கிட்டு வரவா அக்கா, இல்ல நீங்க போய் முகம் கழுவிட்டு வாங்களேன்," என்றான். அவள் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டாள். நான்கு எட்டு. நர்ஸ் ஒருத்தி கதவைத் திறந்து மூடினாள். அவன் எழுந்தான், உட்கார்ந்தான். சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள்ளைப் பார்த்தபடி இருந்தான். அவனே அறியாமல் உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

நான்கு பன்னிரண்டுக்கு டாக்டர் வெளியே வந்தார். மங்களமும் கூடவே எழுந்தாள். வேறு வழியில்லாமல், அவள் காது கேட்கவே சொன்னான்.

"டாக்டர், பதினொன்னு அம்பதுக்கு அவரு என்கிட்ட பேசினாரு. நல்லா தெளிவா பேசினாரு. கேம்ல டைம் பதிவாயிருக்கு, இதோ போன்லயே காட்டுறேன்."

டாக்டர் திரும்பி உள்ளே ஓடினார். கதவு மூடுவதற்குள், "ஊசி ரெடி பண்ணுங்க, பிரஷர் எவ்வளவு?" என்ற குரலும், "இருநூத்திப் பத்து" என்ற பதிலும் கேட்டன. மங்களம் ரிஸாலை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

நான்கு முப்பதுக்கு டாக்டர் தேவிஸ்ரீ கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"பிரஷர் அவ்வளவு ஏறியிருக்கும்போது ஊசி போட முடியாது. இறக்க மருந்து குடுத்தோம். இறங்கினப்போ நேரம் தாண்டிடுச்சு." அவர் கோபமாகப் பேசவில்லை, களைப்பாகப் பேசினார். "நான் முதல்ல கேட்டேனே, அப்பவே தெரிஞ்சிருந்தா பிரஷரை இறக்கி வெச்சிருப்போம். இருபது நிமிஷம் போதும்."

ஹரிதாஸ் பிழைத்துக்கொண்டார். பிழைத்தார் என்பது ஆஸ்பத்திரிக் காகிதத்தில் உள்ள வார்த்தை. வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு வரவில்லை. விழுங்குவதையே மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. சரக்கு ஆபீஸில் அவர் மேசைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. உஷாராணி செலண்டாரிலிருந்து இரண்டு தடவை வந்து பார்த்து, இரண்டு தடவையும் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். ரிஸால் ஐந்து வாரம் வரவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான்.

ஆறாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை ஒரு பை நிறையப் பழத்தோடு போனான். மங்களம் கதவைத் திறந்து, வாங்க தம்பி என்றாள். ஹரிதாஸ் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். ரிஸாலைப் பார்த்ததும் இடது பக்க முகம் மட்டும் மலர்ந்தது. அந்தப் பாதிச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் அவன் குனிந்து பழப்பையைக் கீழே வைத்தான்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் மங்களம். "இந்த கேம் பெட்டியை விக்கலாம்னு நேத்து போட்டுப் பாத்தேன். இப்படி வருது. எனக்குப் புரியல."

டிவியை இயக்கினாள். சிட்டி திறந்தது. கடைசியாக ஆடிய சண்டையின் முடிவுப் பலகை, யாரும் மூடாததால் அப்படியே இருந்தது. மூவரின் பெயர்கள், நேரம், பட்டங்கள். ரிஸாலின் பெயருக்கு நேரே தங்க நிறத்தில் ஒரு பட்டம்: கடைசி நொடி மீட்பர், மூன்று முறை.

"இது என்ன தம்பி?"

மழுப்பப் பார்த்தான், அவள் விடவில்லை. பச்சை வளையத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். வளையம் எப்படிச் சிவக்கும், எப்போது தூக்கினால் வெடிக்கும், தகடு எப்படிப் பிளக்கும். சொல்லச் சொல்ல அந்தத் திறமையெல்லாம் எவ்வளவு அற்பமானது என்று அவனுக்கே உறைத்தது.

"அப்போ அவரு விழுந்ததும் நீங்க பக்கத்துல போயிட்டீங்க."

"ஆமாக்கா."

"போய் நின்னுக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா."

"எவ்வளவு நேரம்?"

"பதினெட்டு நொடி."

"மூணு தடவையும்."

அவன் தலையை அசைத்தான். மங்களம் டிவியை அணைத்தாள். "ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான் நின்னீங்க," என்றாள். குரல் உயரவில்லை. அடுப்படிக்குப் போய் ஒரு கிண்ணத்தில் கஞ்சியும் கரண்டியும் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"மெதுவா ஊட்டுங்க. ஒரு வாய் முழுங்கினதும்தான் அடுத்த வாய். இல்லாட்டி புரையேறும். கழுத்தைப் பாத்துக்கிட்டே இருக்கணும்." கொக்கியில் மாட்டியிருந்த பையை எடுத்துக்கொண்டாள். "நான் காய்கறி வாங்க பசாருக்குப் போயிட்டு வரேன். அவரைத் தனியா விட்டுட்டு எங்கயும் போக முடியல. இனிமே ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வந்துடுங்க. நான் கூப்பிட மாட்டேன்."

கதவு சாத்திக்கொண்டது. ரிஸால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதல் கரண்டியை ஊட்டினான். ஹரிதாஸ் அவன் முகத்தைப் பார்த்தபடியே கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் வழிந்ததைத் துண்டால் துடைத்துவிட்டு ரிஸால் அவர் கழுத்தைப் பார்த்தான். எண்ணக்கூடாது என்றுதான் நினைத்தான். பதினெட்டு போனது, இருபது போனது, கழுத்து இன்னும் அசையவில்லை; கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துக்கொண்டு அவன் காத்திருந்தான்.